பாதியாக வெட்டிய பணம்

ஜகார்த்தாவின் பழைய டச்சு நகரப் பகுதியான கோத்தாவில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு நீளக் கட்டிடம் இருக்கிறது. இன்று அது பேங்க் இந்தோனேசியாவின் பண அருங்காட்சியகம். டச்சுக்காரர்கள் ஆண்டபோது நோட்டு வெளியிட்ட ஜாவா வங்கியின் தலைமையகம் இதுதான். 1828ல் தொடங்கிய அந்த வங்கி முதலில் இங்கிருந்த ஒரு பழைய ஆஸ்பத்திரிக் கட்டிடத்தில் நடந்தது. இப்போது நாம் பார்க்கிற கட்டிடம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது.

உள்ளே வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், கம்பி போட்ட பழைய கவுண்ட்டர்கள், கனத்த பெட்டக அறைகள். போலித் தங்கக் கட்டிகளை அடுக்கிவைத்த அறையில்தான் கூட்டம் நிற்கும். எனக்கு ஆர்வம் பழைய நோட்டுகள் மேல்தான். அதற்குக் காரணம் 1950 மார்ச்.

இந்தோனேசியா 1945லேயே சுதந்திரத்தை அறிவித்தாலும், டச்சுக்காரர்கள் அதை ஒப்புக்கொண்டது 1949 டிசம்பரில். நடுவில் சண்டை. குடியரசு 1946 அக்டோபரில் சொந்த நோட்டு வெளியிட்டது. டச்சுத் தரப்பு தன் நோட்டை விட்டது. ஆக, ஒரே நாட்டுக்குள் பல வகைப் பணம், எக்கச்சக்கமான பணம். விலைவாசி ஏறாமல் என்ன செய்யும்?

நிதியமைச்சர் ஷாஃப்ருதீன் பிரவிரனெகாரா எடுத்த வழி விசித்திரமானது. டச்சுத் தரப்பு நோட்டுகளில் 5 கில்டரும் அதற்கு மேலும் உள்ளவற்றை நிஜமாகவே இரண்டாக வெட்டச் சொன்னார். உங்க கையில் 100 இருக்குன்னு வைங்க. இடது பாதி 50ஆகச் செல்லும். கெடுவுக்குள் வங்கியில் கொடுத்துப் புது நோட்டு வாங்கிக்கணும். வலது பாதிக்கு அரசின் 3 சதவீத வட்டிக் கடன் பத்திரம். அதாவது உங்க பாதிப் பணத்தை அரசாங்கம் கட்டாயக் கடனாக எடுத்துக்கொண்டது, பல வருஷத்துக்கு. வங்கிக் கணக்கில் போட்டவர்களும் தப்பவில்லை, அங்கேயும் பாதிதான். இதற்குப் பெயரே ‘ஷாஃப்ருதீன் கத்தரிக்கோல்’.

இரண்டரையும் அதற்குக் கீழேயும் உள்ள சில்லறை நோட்டுகளைத் தொடவில்லை. அன்றாடக் கூலிக்காரரைக் காப்பாற்றும் ஏற்பாடு அது, நல்ல யோசனைதான். ஆனால் மகள் கல்யாணத்துக்கென்று வீட்டில் கொஞ்சம் பெரிய நோட்டாகச் சேர்த்துவைத்தவர் இதில் எந்தப் பக்கம்? பெரிய முதலாளியும் அவரும் ஒரே கத்தரிக்கோலுக்குக் கீழேதான் வந்தார்கள்.

வேடிக்கை என்னன்னா, 1951ல் ஜாவா வங்கி நாட்டுடைமையானபோது அதன் தலைவராக வந்தவர் இதே ஷாஃப்ருதீன். 1953ல் அது பேங்க் இந்தோனேசியா ஆனதும் முதல் கவர்னரும் அவரே. யார் நோட்டை வெட்டினாரோ, அதே வங்கியின் நாற்காலி.

1959ல் மறுபடியும் கைவைத்தார்கள், இந்தமுறை கத்தரிக்கோல் இல்லாமல். 500 நோட்டு 50 ஆனது, 1000 நோட்டு 100 ஆனது. 1965ல் பழைய 1000 ரூபியாவுக்குப் புது ரூபியா ஒன்றே ஒன்று.

போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை மூடியிருக்கும். பக்கத்திலேயே மண்டிரி வங்கியின் அருங்காட்சியகமும் இருக்கு, அதுவும் பழைய டச்சு வங்கிக் கட்டிடம்தான்.