உடலெடுத்த சொல்



ஆங்கிலத்தில் 'இன்கார்னேட்' என்றொரு சொல் உண்டு. உடலெடுத்த, உருவெடுத்து வந்த என்று பொருள். இதன் வேர், சதையைக் குறிக்கும் 'கார்னிஸ்' என்னும் லத்தீன் வடிவம். ஊன் உண்ணும் விலங்கைக் 'கார்னிவோர்' என்பதும், கிறிஸ்தவர்கள் தவக்காலத்தில் இறைச்சியை விலக்குவதற்கு முன் ஆடிப்பாடும் விழாவைக் 'கார்னிவல்' என்பதும் இதே வேரில் கிளைத்தவைதாம்.

கடவுள் மனித உடலில் இயேசுவாகப் பிறந்தார் என்ற கிறிஸ்தவ நம்பிக்கைக்கு 'இன்கார்னேஷன்' என்று பெயர். முன்னால் 'ரீ' சேர்த்தால் மறுபிறவி.

ஆங்கிலத்தில் பெயரடை பெரும்பாலும் பெயருக்கு முன்னால் வரும். 'இன்கார்னேட்' என்பதோ வழக்கமாகப் பின்னால் நிற்கும். 'ஈவில் இன்கார்னேட்' என்றால் தீமையே உருவானவர். அப்போது கடைசி அசை 'நிட்' என்று குறுகி ஒலிக்கும். வினையாக வந்தால் 'நேட்' என்று நீளும்.

செடிகளின் பெயரிலும் இச்சொல் உண்டு. அங்கே அது நிறத்தைக் குறிக்கும். செந்நிறப் பூங்கொத்து தரும் 'கிரிம்சன் குளோவர்' என்ற தீவனப் பயிருக்கு 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர், 'ட்ரைஃபோலியம் இன்கார்னேட்டம்'. மூவிலை கொண்டது, சதை நிறத்தது என்று அர்த்தம்.