40 பேர் வகுப்பு, ஒரே ஒரு போன்: இலவச ஆன்லைன் கருவிகள் பாடம் நடத்த எப்படி உதவும்?

தமிழ்நாடு அரசின் கணக்குப் பாடப்புத்தகத்தைப் புரட்டினால், பல பாடங்களில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பகுதி இருக்கும். அதிலுள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் 'ஜியோஜிப்ரா' என்ற இலவச மென்பொருளில் ஒரு பயிற்சித்தாள் திறக்கும். அப்படி ஒரு பயிற்சியில் முக்கோணத்தின் முனையை விரலால் இழுத்துப் பார்க்கலாம். கோணங்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் மூன்றையும் கூட்டினால் எப்போதும் 180 டிகிரிதான். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 2001-ல் ஒரு மாணவரின் முதுநிலை ஆய்வாகத் தொடங்கிய மென்பொருள் இது. இன்று நம்மூர் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் புத்தகம் வரை வந்துவிட்டது.

ஆக, கருவிகளுக்குப் பஞ்சமில்லை. வினாடி வினா, வீடியோ, சிமுலேஷன், ஒயிட்போர்டு என எல்லாமே இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால், இவற்றில் எது உண்மையிலேயே பிள்ளைகள் கற்க உதவுகிறது? 'இலவசம்' என்பதற்குப் பின்னால் என்ன இருக்கிறது? விரிவாகப் பார்ப்போம்.

கையில் கம்ப்யூட்டர் கொடுத்தால் மட்டும் போதுமா?

போதாது. இதற்குப் பெரிய உதாரணம் பெரு நாடு. 'ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்' திட்டத்தின் கீழ் அங்கு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு லேப்டாப்கள் கொடுக்கப்பட்டன. 319 பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவுகள் 2012-ல் வெளியாகின. மாணவர்கள் கம்ப்யூட்டர் பயன்படுத்துவது பல மடங்கு கூடியிருந்தது. பொதுவான சிந்தனைத் திறனில் ஓரளவு முன்னேற்றமும் தெரிந்தது. ஆனால் கணக்கிலும் மொழிப்பாடத்திலும் எந்த முன்னேற்றமும் தென்படவில்லை.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். கருவி வந்தது, ஆனால் பாடம் நடக்கும் விதம் மாறவில்லை. கரும்பலகையில் எழுதியதை ஸ்க்ரீனில் காட்டினால், பார்ப்பவருக்கு அது இன்னொரு கரும்பலகை. அவ்வளவுதான்.

அப்போ எது உதவும்?

திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவுகூர முயல்வது அதிக நாள் மனதில் நிற்கும். கற்றல் ஆய்வுகளில் மிக உறுதியாக நிரூபிக்கப்பட்ட விஷயங்களில் இது ஒன்று.

அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவு மாணவர்கள் ஒரு பத்தியை நான்கு முறை படித்தனர். இன்னொரு பிரிவினர் ஒரு முறை மட்டும் படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நான்கு முறை படித்தவர்களே முன்னால் இருந்தனர். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். படித்தவர்களுக்குச் சுமார் 40 சதவீதம்தான் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61 சதவீதம்.

இதை வைத்துப் பார்த்தால், கருவியைத் தேர்ந்தெடுக்க ஒரு எளிய அளவுகோல் கிடைக்கிறது. அது பிள்ளையை யோசித்துப் பதில் சொல்ல வைக்கிறதா? அந்தப் பதிலை ஆசிரியர் உடனே பார்க்க முடிகிறதா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் அது பயனுள்ள கருவி.

'புரிஞ்சுதா?' என்ற கேள்வியில் என்ன சிக்கல்?

பாடம் முடிந்ததும் "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்பது வழக்கம். "புரிஞ்சுது சார்" என்று கோரஸாகப் பதில் வரும். முன்வரிசையில் நாலு பேருக்குப் புரிந்திருக்கும். கடைசி பெஞ்ச்சில் யாருக்கு எங்கே சிக்கியது என்பது பரீட்சைப் பேப்பர் திருத்தும்போதுதான் தெரியும். அதற்குள் அடுத்த இரண்டு பாடம் போயிருக்கும்.

இங்கேதான் கூகுள் ஃபார்ம்ஸ் போன்ற சாதாரணக் கருவி கைகொடுக்கிறது. உதாரணமாகத் தசம எண்களில் ஒரு கேள்வி: 'எது பெரியது?'

- ஏ) 0.5
- பி) 0.35
- சி) 0.125
- டி) மூன்றும் சமம்

சரியான விடை 0.5. ஆனால் 0.125 என்று சொல்லும் பிள்ளைகள் கணிசமாக இருப்பார்கள். 5-ஐவிட 35 பெரியது, 35-ஐவிட 125 பெரியது என்பது அவர்கள் கணக்கு. அதாவது, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகவே படிக்கிறார்கள். இது கவனக்குறைவு இல்லை. ஒரு தவறான புரிதல். 'தப்பு' என்று சிவப்பு மையில் சுழித்தால் இது சரியாகாது. பத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு என இடமதிப்பை மறுபடி விளக்க வேண்டும்.

ஃபார்ம்ஸில் 'வினாடி வினா' வசதியை ஆன் செய்தால் விடைகளை அதுவே திருத்திவிடும். எந்த விடையை எத்தனை பேர் தேர்ந்தெடுத்தார்கள் என்ற படமும் வரும். வகுப்பில் பாதிப் பேர் 'சி' என்று சொல்லியிருந்தால், நாளைய பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டு இதை மறுபடி நடத்த வேண்டும் என்று இன்றே தெரிந்துவிடும். தவறான விடைக்கு ஒரு சிறு விளக்கமோ வீடியோ லிங்க்கோ வரும்படியும் அமைக்கலாம்.

கவனிக்க: இதில் முக்கியமான வேலை கேள்வி தயாரிப்பதுதான். 'சி' என்ற விடையை அங்கே வைக்கத் தெரிந்தது கருவிக்கு இல்லை, ஆசிரியருக்கு.

பிள்ளைகளிடம் போன் இல்லையென்றால்?

நாடு முழுவதும் கிராமப்புறங்களில் எடுக்கப்பட்ட 'ஏசர் 2024' கணக்கெடுப்பின்படி, 14 முதல் 16 வயதுள்ளவர்களில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேரின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. ஆனால் ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில், அதற்கு முந்தைய வாரத்தில் படிப்பு தொடர்பாக அதைப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம். சோஷியல் மீடியாவுக்குப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம்.

வீட்டில் போன் இருப்பதும் பிள்ளை கைக்கு அது கிடைப்பதும் ஒன்றல்ல. அப்பா வேலைக்குக் கிளம்பும்போது போனும் கூடவே போய்விடும். இரவு எட்டு மணிக்கு அவர் திரும்பிய பிறகு, மூன்று பிள்ளைகள் ஒரே போனில் வீட்டுப்பாடம் பார்க்க வேண்டியிருக்கும். வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பிவிட்டு 'நாளைக்குள் முடித்து வா' என்று சொன்னால், போன் கிடைக்காத பிள்ளை படிக்காத பிள்ளையாகக் கணக்கில் ஏறிவிடும்.

இதற்கு மாற்று வழிகள் உண்டு.

பிளிக்கர்ஸ்: இதில் மாணவர்களுக்குப் போனே தேவையில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு காகித அட்டை. க்யூஆர் கோடு போல அதில் ஒரு வடிவம் அச்சாகியிருக்கும். நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று சிறிய எழுத்து. தன் விடை மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் தன் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே ஒருமுறை நகர்த்தினால், யார் என்ன விடை சொன்னார்கள் என்பது அவர் ஸ்க்ரீனில் வந்துவிடும். ஒவ்வொருவருடைய வடிவமும் வேறு என்பதால் பக்கத்து அட்டையைப் பார்த்துக் காப்பியடிப்பது கஷ்டம். கூச்சப்பட்டு வாயே திறக்காத பிள்ளையும் இதில் பதில் சொல்லிவிடுகிறது. இலவசக் கணக்கில் கேள்விகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஒரு பாடவேளைக்கு மூன்று நான்கு கேள்விகளே போதும் என்பதால் அது பெரிய குறையில்லை.

கோலிப்ரி: இணையம் ஒழுங்காக வராத ஊர்களுக்கானது. 'லேர்னிங் ஈக்வாலிட்டி' என்ற லாப நோக்கற்ற அமைப்பு உருவாக்கிய இலவசத் தளம் இது. நெட் கிடைக்கும் இடத்தில் பாடங்களை ஒரு கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டால், பிறகு பள்ளிக்குள்ளேயே மற்ற கருவிகளை அதனுடன் இணைத்து, இணையம் இல்லாமலே படிக்கலாம்.

லேப் இல்லாத பள்ளியில் அறிவியல்?

நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது 'ஃபெட்' திட்டம். மின்சுற்று, ஊசல், அமிலம், காரம் என நூற்றுக்கும் மேற்பட்ட சிமுலேஷன்கள் இதில் இலவசம்.

ஆனால் இங்கும் பயன்படுத்தும் விதம்தான் முக்கியம். பல்பு எரியும்போது மின்னோட்டம் கொஞ்சம் 'செலவாகிவிடும்', அதனால் பல்புக்கு அடுத்த பக்கம் குறைவாகத்தான் பாயும் என்று பல மாணவர்கள் நினைப்பதுண்டு. சிமுலேஷனை உடனே ஓட்டிக் காட்டினால் "ஓ, நல்லா இருக்கே" என்பதோடு முடிந்துவிடும். அதற்கு முன்னால், "பல்புக்கு முன்னாடி, பின்னாடி, ரெண்டு பக்கமும் அளந்தா எப்படி இருக்கும்? நோட்டில் எழுதுங்க" என்று கேட்டுவிட்டு ஓட்ட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு காட்டும்போது, தான் எழுதியது ஏன் தப்பு என்ற கேள்வி மாணவருக்குள் எழும். பாடம் பதிவது அங்கேதான்.

கேம் மாதிரி வினாடி வினா நல்லதா?

கஹூட், பெங்களூரில் 'குவிஸ்ஸிஸ்' என்ற பெயரில் தொடங்கி இப்போது 'வேகிரவுண்ட்' ஆகியிருக்கும் தளம் போன்றவை வகுப்பைக் கலகலப்பாக்குகின்றன. ஆனால் வேகத்துக்கும் மதிப்பெண் தரும் முறையில், நிதானமாக யோசிக்கும் பிள்ளை பின்தங்கிவிடும். தரவரிசைப் பட்டியலில் தினமும் கடைசியில் தன் பெயரைப் பார்ப்பது யாருக்கும் உற்சாகம் தராது. டைமரைத் தளர்த்துவது, அவரவர் வேகத்தில் விடையளிக்க விடுவது, குழுவாக விளையாட வைப்பது போன்ற வழிகளில் இதைச் சமாளிக்கலாம்.

கேள்வி தயாரிக்க ஏஐ உதவுமா?

உதவும். நேரம் மிச்சமாகும். ஆனால் ஏஐ தரும் விடைகளில் பிழை இருக்கலாம். பாடப்புத்தகத்தில் இருக்கும் கலைச்சொல் ஒன்று, ஏஐ எழுதும் தமிழ் இன்னொன்று என்றால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள். ஒவ்வொரு கேள்வியையும் ஆசிரியர் படித்துச் சரிபார்த்த பிறகே வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும்.

இலவசம் என்றால் உண்மையிலேயே இலவசமா?

இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, இலவசக் கருவி எப்போது வேண்டுமானாலும் மூடப்படலாம். ஆசிரியர்கள் பரவலாகப் பயன்படுத்திய எட்மோடோ 2022 செப்டம்பரில் மூடப்பட்டது. கூகுளின் ஜாம்போர்டு 2024 இறுதியோடு நின்றுபோனது. அதனால் கேள்வித்தாள், பாடக்குறிப்பு எல்லாவற்றுக்கும் சொந்தமாக ஒரு நகல் வைத்துக்கொள்வது அவசியம்.

இரண்டாவது, பிள்ளைகளின் தகவல்கள். கொரோனா காலத்தில் அரசுகள் பரிந்துரைத்த 160-க்கும் மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் 'ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்' அமைப்பு ஆராய்ந்தது. அவற்றில் 89 சதவீதம், குழந்தைகளின் உரிமைகளைப் பாதிக்கக்கூடிய விதத்தில் தகவல்களைக் கையாண்டதாக 2022-ல் அறிக்கை வெளியிட்டது.

இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரும் குழந்தைகள்தான். அவர்கள் தகவலைப் பெறப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அவர்களைப் பின்தொடர்ந்து குறிவைத்து விளம்பரம் காட்டுவதற்கும் தடை உண்டு. பள்ளிகளுக்குச் சில விலக்குகள் இருந்தாலும், ஆசிரியர் செய்யக்கூடிய எளிய வேலை ஒன்று உண்டு: முழுப்பெயர், போன் நம்பர், போட்டோ எதுவும் கொடுக்காமல் வரிசை எண்ணை மட்டும் வைத்துக் கருவியைப் பயன்படுத்துவது. பிளிக்கர்ஸ் அட்டைக்கு எண்ணே போதும்.

படித்த பள்ளிக்கு உதவ நினைப்பவர்கள் என்ன செய்யலாம்?

வேலைக்குப் போய் நாலு காசு சேர்ந்ததும் 'நம்ம ஸ்கூலுக்கு டேப் வாங்கிக் கொடுக்கலாமா?' என்று யோசிப்பவர்கள் பலர். வாங்குவதற்கு முன் அங்குள்ள ஆசிரியரிடம், "எந்தப் பாடத்துல பசங்க அதிகமா திணறுறாங்க, டீச்சர்?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

பதில் தசம எண்கள் என்றால், தேவைப்படுவது 40 டேப் இல்லை. 40 அட்டைகளின் பிரின்ட் அவுட்டும், நல்ல கேமரா உள்ள ஒரு பழைய போனும், கேள்விகளை டைப் செய்து கொடுக்க வாரத்தில் ஒரு மணி நேரமும் போதும். பதில் மின்சுற்று என்றால், சிமுலேஷனை எல்லோருக்கும் காட்ட ஒரு புரொஜெக்டர் உதவும். அந்தப் பாடத்தை நடத்துபவரே சொல்லட்டும், அதற்குப் பிறகு ஆர்டர் போடலாம்.