உங்களுக்குத் தெரியுமா? காலை 6.30: ஜப்பான் சோம்பல் முறிக்கும் நேரம்!

ஜப்பானில் தினமும் காலை 6.30 மணிக்கு என்.ஹெச்.கே. வானொலியில் பியானோ ஒலிக்கும். பூங்காக்களில் கூடியிருக்கும் தாத்தா பாட்டிகள் அதற்கேற்பக் கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி உடலை நீட்டுவார்கள். 'ரேடியோ தைசோ' எனும் இந்தப் பயிற்சி 1928-இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நின்றுபோய், 1951-இல் இன்றைய வடிவில் மீண்டது. முதல் பயிற்சியில் 13 அசைவுகள், மூன்று நிமிடம்தான். உட்கார்ந்தபடியும் செய்யலாம். கோடை விடுமுறையில் பிள்ளைகள் வருகை அட்டையோடு வந்து, பயிற்சி முடிந்ததும் அதில் ஆசையாக முத்திரை வாங்கிக்கொள்வார்கள்.

இரவெல்லாம் அசையாதிருந்த மூட்டுகளின் விறைப்பு இந்தப் பயிற்சியால் தளரும். தசைகளில் ரத்த ஓட்டம் கூடும். ஆனால் கண்விழித்த கையோடு குனிந்து காலைத் தொட முயல வேண்டாம். தூக்கத்தில் முதுகெலும்பு டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். சற்று நடமாடிவிட்டுக் குனிவதே முதுகுக்கு நல்லது.