நல்லாயிடுச்சுன்னு மருந்தை நிறுத்தலாமா?

சாப்பிட உட்கார்ந்தால் என் கணவருக்குப் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் இருந்தாக வேண்டும். ஒரு கவளம், ஒரு மடக்கு. எல்லோரும் கை கழுவிய பிறகும் அவர் மட்டும் மென்றுகொண்டிருப்பார். "என் புள்ள பொறுமையா மென்னு சாப்பிடறவன்" என்று மாமியாருக்குப் பெருமை.

அது பொறுமையல்ல, வியாதி என்று மூன்று வருஷத்துக்கு முன்புதான் தெரிந்தது. வாயு, அல்சர் என்று எத்தனையோ மருந்து சாப்பிட்டும் தீராமல், கடைசியில் எண்டோஸ்கோப் பார்த்து, உணவுக்குழாயில் பல இடங்களிலிருந்து துளித் துளி சதை எடுத்துப் பரிசோதித்தார்கள்.

"இது அலர்ஜிம்மா" என்றார் டாக்டர். சிலருக்கு மூக்கில் தும்மலாக, சிலருக்கு நெஞ்சில் இளைப்பாக வருவது, இவருக்கு உணவுக்குழாயில் வந்திருக்கிறது. ஈஸினோஃபில் என்ற வெள்ளையணுக்கள் அங்கே கூடி, குழாயை அழற்சியாக்கிவிடுகின்றன. 1990-களின் தொடக்கத்தில்தான் இதைத் தனி வியாதியாக அடையாளம் கண்டார்கள். பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம் வருகிறது.

மருந்து, ஆஸ்துமாக்காரர்கள் இழுக்கிற அதே புடெசோனைட்தான். ஆனால் இவர் அதை விழுங்க வேண்டும். தண்ணீராக இருந்தால் சட்டென்று வயிற்றுக்கு ஓடிவிடுமே! குழாயில் ஒட்டி நிற்பதற்காகத் தேனில் குழைத்துத் தரச் சொன்னார். கல்வராயன் மலைத் தேன் எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். காலையும் இரவும் கொடுத்தேன். அதன்பின் அரைமணி நேரம் தண்ணீர்கூடக் கூடாது. வாயில் பூஞ்சை படியாமலிருக்க, கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும்.

மூன்றே மாதத்தில் தண்ணீர்ச் சொம்பு தேவைப்படவில்லை. "நான்தான் நல்லா இருக்கேனே, ஸ்டீராய்டை எதுக்கு வருஷக்கணக்கா சாப்பிடணும்?" என்றார். எனக்கும் ஸ்டீராய்டு என்றாலே பயம். டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிட்டோம்.

ஐந்தாம் மாதம் வெள்ளிமலையில் நண்பர் வீட்டு விருந்து. ஒரு கறித்துண்டு நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டது. எச்சில்கூட இறங்கவில்லை. ஒருவர் வாழைப்பழத்தை விழுங்கச் சொன்னார். இன்னொருவர் சோற்றை உருட்டி நீட்டினார். நல்லவேளை, இவர் வாங்கவில்லை. துண்டில் எச்சிலைத் துப்பிக்கொண்டே மலை வளைவுகளில் இறங்கி, கச்சிராயபாளையம் தாண்டி, கள்ளக்குறிச்சி வருவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. எண்டோஸ்கோப் மூலம்தான் துண்டை எடுத்தார்கள்.

டாக்டர் கோபிக்கவில்லை. "அடைப்பு போனா வியாதி போச்சுன்னு அர்த்தமில்லம்மா. மருந்து அடக்கித்தான் வைக்குது" என்றார். 2020-ல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆராய்ச்சி பற்றியும் சொன்னார். குணம் தெரிந்த 204 பேரை 48 வாரம் கவனித்தார்கள். புடெசோனைட் மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவர்கள் நலமாகவே இருந்தார்கள். மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட அப்படி இல்லை. அழற்சி வருஷக்கணக்கில் நீடித்தால் குழாய் தழும்பேறிக் குறுகிவிடுமாம்.

ஸ்டீராய்டு பயத்துக்கும் பதில் கிடைத்தது. விழுங்கும் புடெசோனைட் பெரும்பாலும் குழாயிலேயே வேலை செய்கிறது; உடம்பில் சேர்வதில் பெரும் பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடுகிறது. ஆனாலும் டாக்டரின் கண்காணிப்பு வேண்டும். சிலருக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையே போதும். சிலருக்குப் பால், கோதுமை போன்றவற்றை விலக்கினால் குணம் தெரியும். அதையும் டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். இவற்றுக்கு அடங்காதவர்களுக்கு டூபிலுமாப் என்ற ஊசி உண்டு. அமெரிக்காவில் 2022-ல் இதற்கு அனுமதி தந்தார்கள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒருவர் கவளத்துக்குக் கவளம் தண்ணீர் குடிக்கிறாரா? கறி, ரொட்டி என்றால் ஒதுக்குகிறாரா? டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ஆகாரம் அடைத்து எச்சிலும் இறங்காவிட்டால், எதையும் விழுங்கக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இப்போது எங்கள் அலமாரியில் தேன் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே மருந்தும் இருக்கிறது. ராத்திரி அவர் மறந்தாலும் மாமியார் மறப்பதில்லை. "டேய், தேன் சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் படுக்கிறார்.