மனைக்கல்லும் மழைநீரும்

புஞ்சை நிலம் வீட்டுமனையாவது பாவமென்று சொல்லுவோர் கட்சியில் நாம் சேர்ந்தவரல்லோம். அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில் மானாவாரி வெள்ளாமை கைகொடாத குடியானவர், மழையை நம்பிப் பருத்தி போடுவதைவிட மனை பிரித்து விற்பது லாபமென்று கருதினால், அவரைக் குறைகூற யாருக்கு வாயுண்டு? நாம் கேட்பது வேறு. மனைக்கல் நடுமுன், அந்நிலத்தில் தண்ணீர் செல்லும் வழி எதுவென்று பார்த்தவர் எத்தனை பேர்?

இச்சீமைக்கு வற்றாத ஆறு கிடையாது. திருச்சுழியையொட்டிச் செல்லும் குண்டாறும் மழைக்காலத்து ஆறே. வடகிழக்குப் பருவத்தில் சில நாட்கள் வரும் நீரைக் கண்மாய்களில் தேக்கியே நம் முன்னோர் வருஷம் முழுவதும் காலந்தள்ளினார்கள். மேற்கண்மாய் நிறைந்து கலுங்கில் வழிந்தால்தான் கீழ்க்கண்மாய்க்கு நீர் கிடைக்கும். கண்மாய்க்கு உயிர் வரத்துக்காலில் இருக்கிறது. அதுவோ வருஷத்தில் பெரும்பகுதி வறண்ட பள்ளமாகக் கிடக்கிறது. கோடையில் சங்கிலி பிடித்து அளப்பவர் கண்ணுக்கு அது வெறுந்தரிசு. அதைத் தூர்த்துச் சாலை போட்டுவிட்டால், ஐப்பசியில் புது வீடுகளுக்குள் வெள்ளம் புகும். கீழ்க்கண்மாயோ வெடித்த மண்ணாய்க் கிடக்கும். சர்வே படத்தில் ஓடையென்று குறித்ததற்காவது சட்டத்தின் காவல் உண்டு. பட்டா நிலத்தினூடே தாழ்வு பார்த்து ஓடும் நீருக்காக வழக்காடுவார் யார்?

சட்டம் உறங்கிக் கிடக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யலாகாதென்று சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடுத்தது. 2019-ஆம் வருஷத்து ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள், 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு, மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலாக நூற்றுக்குப் பத்துப் பங்கைப் பொது இடமாகத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்கச் சொல்லுகின்றன. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ள பிரிவுகளிலோ, நிலத்துக்குப் பதில் அதன் மதிப்பைப் பணமாகக் கட்டவும் இடமளித்தன. இங்கேதான் நாம் மாறுபடுகிறோம். கஜானாவில் கட்டிய பணம் மழைநீரைத் தாங்குமா? வானம் பார்த்த சீமையில் அந்தப் பத்துப் பங்கு நிலமாகவே வேண்டும். விலைபோகாத மூலையை ஒதுக்காமல், நீர் தானே சென்று தங்கும் தாழ்விடத்தை ஒதுக்க வேண்டும்.

மண்ணின் குணத்தையும் மறக்கலாகாது. கரிசல் நனைந்தால் உப்பும்; காய்ந்தால் வெடிக்கும். இம்மண்ணுக்கென்றே ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் அடிபருத்த தூண்களால் ஆன அஸ்திவாரத்தை வகுத்திருக்கிறார்கள். நீர் தேங்கும் கரிசலில் சாதாரண அஸ்திவாரத்தின்மேல் கட்டிய சுவர் பிளந்தால், கொத்தனாரை நொந்து பயனில்லை.

குடியும் தொழிலும் ஓரிடத்தில் அமைவது நமக்குப் புதிதா? அருப்புக்கோட்டை நெசவாளர் வீட்டில் தறியும் அடுப்பும் ஒரே கூரையின் கீழ் இருந்தன; பாவு நீட்டத் தெருவே களமாயிற்று. தொழிலுக்கேற்பத் தெருவை வகுத்த ஜனங்கள், தண்ணீருக்கேற்ப மனையை வகுக்க அறியார்களா?

ஆகவே, மனைப்பிரிவின் படத்தில் நீர்வழியைக் குறிக்காமல் அனுமதி வழங்கலாகாதென்று ஒவ்வொரு கிராம சபையும் தீர்மானம் நிறைவேற்றிச் சர்க்காருக்கு அனுப்ப வேண்டும். தொண்டர்கள் இதை இன்றே கையிலெடுக்கட்டும். மனை வாங்க எண்ணுவோருக்கும் ஒரு வார்த்தை: பத்திரத்தைப் பார்ப்பதோடு நில்லாதீர்கள். ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் அந்த மனையில் போய் நின்று பாருங்கள்.