ராஜா தலைக் காசு: எடை அதே, வெள்ளி பாதி

பஞ்ச சபைகளில் வெள்ளி சபை மதுரைக்குப் போய்விட்டது; திருவாலங்காட்டுக்கு ரத்தின சபை. ஆனாலும் திருவாலங்காடு, மணவூர், கனகம்மாசத்திரம் பக்கத்திலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் வெள்ளியைத் தவிர வேறு பேச்சில்லை. காரணம், ஏப்ரல் 1. நகைக்கடன் பற்றி ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட புதிய விதிகளை எல்லா வங்கிகளும் நிதி நிறுவனங்களும் 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்குக் கொண்டுவந்தாக வேண்டும். தங்கத்தோடு வெள்ளி நகையும் வெள்ளி நாணயமும் அந்த விதிகளில் அடமானப் பொருளாகியிருக்கின்றன.

உடனே பரணில் கிடந்த தகரப் பெட்டிகள் கீழே இறங்கிவிட்டன. விக்டோரியா ராணி காசை பேங்கில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள் சிலர். நகரி பக்கம் ஒருவர் பழைய ராஜா காசு மொத்தமாகத் தருகிறாராம், வெள்ளி ஏறுகிற நேரத்தில் வாங்கிப் போடலாமா என்று கேட்கிறார்கள் பலர். சுருக்கமான பதில்: கையில் இருப்பது இருக்கட்டும். வெள்ளிக்காக என்று புதிதாகக் காசு வாங்காதீர்கள். ஏன் என்பதற்கு, வெள்ளி விலையைவிட அந்தக் காசின் விளிம்பைப் பார்ப்பது நல்லது.

தலையைப் பார்க்காதே, விளிம்பைப் பார்

திருத்தணியில் ஒரு வெள்ளிப் பட்டறை. வாசகர் ஒருவர் கொண்டுவந்த மூன்று ஒற்றை ரூபாய்கள் ஆசாரியின் முன்னால் இருந்தன: 1907, ஏழாம் எட்வர்டு, 1919, ஐந்தாம் ஜார்ஜ், 1944, ஆறாம் ஜார்ஜ். எலெக்ட்ரானிக் தராசில் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே எடைதான். அச்சடித்தபோது மூன்றுக்கும் ஒரே கணக்கு: 180 குன்றி என்று தவறாகச் சொல்கிறார்களே, அது 180 கிரெய்ன், அதாவது ஒரு தோலா, 11.66 கிராம். படிக்கல் இல்லாத கடையில் ரூபாயையே தட்டில் வைத்து நிறுத்த காலம் அது. ஆசாரி ராஜாவின் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாணயத்தை நிறுத்திப் பிடித்து விளிம்பை நகத்தால் தடவினார். முதல் இரண்டிலும் வெறும் பல் வரி. மூன்றாவதில் அந்தப் பல் வரியின் நடுவே ஒரு பள்ளம் சுற்றி ஓடியது.

“இது பாதிக் காசு சார்” என்று தனியே தள்ளி வைத்தார்.

1835 முதல் கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாய்க்கும் பிறகு ராணி, ராஜா ரூபாய்களுக்கும் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, கடைக்காரர் பேச்சில் 91.7 டச். ஒரு ரூபாயில் 10.69 கிராம் சுத்த வெள்ளி. உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1940-ல் இந்தக் கணக்கு மாறியது. வெள்ளி 50 பங்கு, செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5. எடையும் ராஜா தலையும் மாறவில்லை. கள்ளக் காசு அடிப்பவர்களைத் தடுக்க என்று விளிம்பில் அந்தப் பள்ளம் வந்தது. சுத்த வெள்ளி மட்டும் 5.83 கிராமாக இறங்கிவிட்டது.

பாதி வெள்ளிக் காசைப் புதிதாக அடித்து வெளியே விடுவதோடு அரசு நின்றிருந்தால் இதில் பெரிய சாமர்த்தியம் இல்லை. போர் பயத்தில் மக்கள் காசைப் பதுக்கத் தொடங்கியதும், தேவைக்கு மேல் நாணயம் சேர்ப்பது 1940 ஜூனில் குற்றமாக்கப்பட்டது. பிறகு பழைய நல்ல காசுகள் வரிசையாகச் செல்லாதவை ஆயின: விக்டோரியா காசு 1941-ல், எட்வர்டு காசு 1942-ல், ஐந்தாம் ஜார்ஜ் காசு 1943-ல். கெடுவுக்குள் கஜானாவில் கொடுத்தால் ரூபாய்க்கு ரூபாய் கிடைக்கும். கொடுத்தது பத்தரை கிராமுக்கு மேல் வெள்ளி. கிடைத்தது நோட்டு, அல்லது ஆறு கிராமுக்கும் குறைவான வெள்ளி. ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய் கொடுத்தாகிவிட்டது, யாருக்கும் நஷ்டமில்லை என்பது அரசின் கணக்கு. எண்ணிக்கையில் அது சரிதான். கிராமில் பார்த்தால், கொடுத்தவர் ஒவ்வொரு காசிலும் பாதிக்குச் சற்றுக் குறைய வெள்ளியை இழந்தார்.

இன்று உங்கள் வீட்டில் விக்டோரியா காசு இருக்கிறது என்றால், உங்கள் கொள்ளுப்பாட்டி அந்தக் கெடுவை மதிக்கவில்லை என்று அர்த்தம். சட்டப்படி நடந்தவர்கள் வீட்டுப் பெட்டியில் 1940-க்குப் பிந்திய காசுதான் இருக்கும்.

அந்தப் பாதி வெள்ளியும் முழுக்க நமதில்லை. போரின்போது அமெரிக்கா இந்தியாவுக்கு 22 கோடி அவுன்ஸுக்கு மேல் வெள்ளியைக் கடனாகக் கொடுத்தது; திருப்பித் தரவேண்டியதும் வெள்ளியாகவே. அதனால்தான் 1947-ல் ரூபாய் நிக்கலுக்கு மாறியது. பாதி வெள்ளிக் காசுகள் திரும்பப் பெறப்பட்டு உருக்கப்பட்டன. கடனைத் தீர்த்தது சுதந்திர இந்தியா.

போர் முடிந்தும் அந்த 50-40-5-5 கலவை போகவில்லை. 2023-ல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்காக வந்த 75 ரூபாய் நினைவு நாணயம் 35 கிராம். அரசிதழில் அதன் கலவையைப் பாருங்கள்: வெள்ளி 50, செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5. பேச்சில் அது வெள்ளி நாணயம். அரசு அறிவிப்பில் அது நால்வகை உலோகக் கலவை. 1969-ல் காந்தி நூற்றாண்டுக்கு வந்த 10 ரூபாய் இதைவிட நாணயமானது: 15 கிராமில் 80 சதவீதம் வெள்ளி.

கணக்கு

வெள்ளி கிராம் 200 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 1907 காசின் வெள்ளி மதிப்பு 2,138 ரூபாய். 1944 காசுக்கு 1,166. ஒரு கிலோ சுத்த வெள்ளி வேண்டுமென்றால் முதல் வகையில் 94 காசு போதும். இரண்டாம் வகையில் 172 வேண்டும். மொத்தமாக விற்பவர் இரண்டையும் கலந்து ஒரே பையில் போட்டு, ‘ராஜா காசு, ஒன்று இவ்வளவு’ என்கிறார். அங்கே விலை காசுக்கு. நீங்கள் விற்கப் போகும் கடையிலோ விலை டச்சுக்கும் எடைக்கும். தேய்மானம், உருக்குக் கழிவு எல்லாம் போகத்தான் பணம். வாங்கும்போது பழமைக்கும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள், விற்கும்போது உலோகத்துக்கு மட்டும் வாங்குகிறீர்கள். வெள்ளி எவ்வளவு ஏறினாலும் முதலில் இந்த இடைவெளியை அடைத்த பிறகுதான் லாபம்.

‘பழைய காசுக்குப் பழமை மதிப்பு உண்டே’ என்பார்கள். 1918-ல் மட்டும் 40 கோடிக்கு மேல் ரூபாய் அடித்தார்கள். அதில் பழமை உண்டு, அபூர்வம் இல்லை. அபூர்வமானது 1911: ராஜாவின் அங்கியில் இருந்த யானை பன்றிபோலத் தெரிகிறது என்று எதிர்ப்பு வந்து பெரும்பகுதி உருக்கப்பட்டது. 1939-ம் அபூர்வம். இரண்டுக்கும் போலி ஏராளம்.

மற்ற கேள்விகள்

*ஏப்ரல் 1-க்குப் பிறகு பேங்கில் வைக்கலாமா?*
விதி இடம் கொடுக்கிறது. கிளையில் வாங்கிக்கொள்வார்களா என்பது வேறு. வெள்ளி நாணயம் ஒருவருக்கு மொத்தம் 500 கிராம்தான், அதாவது 42 ரூபாய்க் காசு. இரண்டரை லட்சம் வரையான கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். மேலே சொன்ன 200 ரூபாய்க் கணக்கில் 42 நல்ல காசுக்கு அதிகபட்சம் சுமார் 76,000 ரூபாய். பாதிக் காசு என்றால் சுமார் 41,600. வெள்ளியின் உள்ளார்ந்த மதிப்பை மட்டுமே எடுத்துக்கொள்வார்கள். 1911 காசாக இருந்தாலும் அதே விலைதான்; அபூர்வமானதை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

*வெள்ளிக் கட்டி வாங்கி வைக்கலாமா?*
கட்டிக்குக் கடன் கிடையாது.

*ஹால்மார்க் போட்டு வாங்கலாமா?*
வெள்ளி ஹால்மார்க் தரப் பட்டியலில் 917 இல்லை, 500-ம் இல்லை.

*குழந்தைக்குக் கட்ட வளையம் வைத்த காசு?*
பொடி வைத்துப் பற்றவைத்த இடம் டச்சைக் குறைக்கும். சேகரிப்பாளர் தொடமாட்டார். வெள்ளியாகத்தான் போகும்.

*புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிக் கொடுக்கலாமா?*
வேண்டாம். எடையும் குறையும், காசின் மதிப்பும் குறையும்.

*1818-ல் வந்த ராமர் பட்டாபிஷேகக் காசு?*
கம்பெனி அப்படி ஒரு காசு வெளியிடவில்லை.

*அமெரிக்க வெள்ளி டாலர் இருக்கிறது.*
மார்கன் டாலர் என்றால் 90 டச், 24 கிராம் சுத்த வெள்ளி. இங்கே அதுவும் வெள்ளி விலைக்குத்தான். 1918-ல் அமெரிக்கா 27 கோடி டாலர்களை உருக்கியபோது பெரும்பகுதி பிரிட்டன் வழியாக இந்திய நாணயச்சாலைகளுக்கே வந்தது. உங்கள் 1919 ரூபாயிலேயே டாலர் இருக்கலாம்.

*ராஜேந்திர சோழன் நாணயம்?*
2025 ஜூலை 27 அன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் பிரதமர் வெளியிட்டார். ராஜேந்திரனின் செப்பேடு கிடைத்த திருவாலங்காட்டு ஊர்க்காரர்கள் ஆசைப்படுவது நியாயம். ஆசைக்கு வாங்குங்கள், லாபத்துக்கு வேண்டாம்.

*போனில் ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிப் பழைய காசுக்கு லட்சம் தருகிறேன் என்கிறார்கள்.*
முதலில் கமிஷன் கட்டச் சொல்வார்கள். ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்த மோசடி இது.

*வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அனுப்பலாமா?*
நூறு வயதான நாணயம் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் வெளியே அனுப்ப முடியாது.

*பூஜை அறைக் காசை விற்றால் வரி உண்டா?*
உண்டு. லட்சுமி பூஜைக்கு வைத்த வெள்ளி ரூபாய் சொந்த உபயோகப் பொருள் ஆகாது என்று 1976-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு வருடத்துக்கு மேல் கையில் இருந்திருந்தால் லாபத்தில் 12.5 சதவீதம்.

*வெள்ளியில்தான் பணம் போடவேண்டும் என்றால்?*
வெள்ளி இடிஎஃப். அதில் டச்சும் இல்லை, கழிவும் இல்லை.

*கடைக்கால் தோண்டும்போது கிடைத்தால்?*
1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும். அன்றைக்கு அது பத்து வெள்ளிக் காசு. இன்றைய விலையில் ஒன்று கிடைத்தாலே போதும், மனு எழுத உட்காரவேண்டியதுதான்.