சயாம் மரண ரயில்: பேர் இருக்கிற கல்லறைகளும் பேர் இல்லாத நம்ம ஆட்களும்

‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ படம் பார்த்திருக்கீங்களா? 1957-ல வந்த டேவிட் லீன் படம். ஜப்பான்காரங்ககிட்ட சிக்கின பிரிட்டிஷ் கைதிகள் ஒரு பாலம் கட்டுவாங்க. கதை நடக்கிறது தாய்லாந்துல, ஷூட்டிங் நடந்தது இலங்கையில, கித்துல்கலவுல. அந்தப் பாலம் ஒரு 415 கிலோமீட்டர் ரயில் பாதையோட சின்னத் துண்டு. அந்தப் பாதையைப் போட்டதுல தமிழர்கள் பெரிய எண்ணிக்கையில இருந்தாங்க. படத்துல அவங்க கதை இல்லை.

பாங்காக் பக்கத்துல நான் மாஸ்டர்ஸ் படிச்சப்போ, ஒரு லீவுல தோன்புரி ஸ்டேஷன்ல ரயில் ஏறி, அந்தப் பாலம் இருக்கிற காஞ்சனபுரிக்குப் போனேன். அங்கே பார்த்த மியூசியங்களை வைத்துத்தான் இந்த எபிசோடு.

எதுக்கு இந்தப் பாதை?

1942-ல ஜப்பான் மலாயா, சிங்கப்பூர், பர்மா எல்லாத்தையும் பிடிச்சாச்சு. அடுத்த குறி இந்தியா. பர்மாவுல இருக்கிற படைக்கு அரிசியும் குண்டும் போகணும். கடல் வழியா மலாக்கா நீரிணையைச் சுற்றிப் போனா நேச நாடுகளோட நீர்மூழ்கிகள் அடிக்கும். அதனால தாய்லாந்தில் இருக்கும் பான் போங்கில் இருந்து பர்மாவில் இருக்கும் தன்பியூசயாட் வரைக்கும், மலையையும் காட்டையும் வெட்டி ரயில் விட முடிவு செய்தார்கள்.

415 கிலோமீட்டர்னா, சென்னையில இருந்து திண்டுக்கல் போற தூரத்துக்குக் கொஞ்சம் கம்மி. 1942 நடுவில் ஆரம்பித்து 1943 அக்டோபரில் ரெண்டு பக்கமும் வந்து சேர்ந்துடுச்சு. பெரும்பாலும் மண்வெட்டி, கூடை, உளி, சுத்தியல், யானை. தண்டவாளத்துல ஒரு பகுதி மலாயாவோட கிழக்குக் கரை ரயில் பாதையைப் பிரித்துக் கொண்டுவந்தது.

வேலை செய்தவர்களில் 60,000-க்கு மேற்பட்டவங்க பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கப் போர்க் கைதிகள். அவங்கள்ல 12,000-க்கு மேல செத்துப் போனாங்க. ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 2 லட்சம் பேர். பர்மாக்காரங்க, ஜாவாக்காரங்க, மலாய்க்காரங்க, தமிழர்கள். அவர்களில் இறந்தவர்கள் 90,000 பேர் இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

நம்ம ஆட்கள் ஏன் போனாங்க?

மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் போனது நம்ம பக்கத்துல இருந்துதான். தஞ்சாவூர், திருச்சி, சேலம், அப்புறம் நம்ம தென்னாற்காடு. நெல்லிக்குப்பத்துல கரும்பாலையும் கரும்பும் இருந்தும், பக்கத்துக் கிராமங்கள்ல பஞ்சம் வந்தா நாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறுறதுதான் அந்தக் காலத்து வழி. தோட்டத்துல கங்காணி சொல்றதுதான் சட்டம்.

போர் வந்ததும் ரப்பரை வாங்க ஆள் இல்லை. வெள்ளைக்கார மேனேஜர்கள் ஓடிட்டாங்க, இல்லைன்னா சிறையில இருந்தாங்க. கூலி நின்னுபோச்சு, அரிசி கிடைக்கலை. அந்த நேரத்துல, “சயாமில் மூணு மாச வேலை, தினமும் ஒரு டாலர், குடும்பத்தோடும் வரலாம்”னு அறிவிப்பு வந்தா யார்தான் போகமாட்டாங்க? முதல்ல போனவங்க திரும்பி வரலை. அடுத்து யாரும் தானா போகத் தயாரா இல்லை. அப்புறம்தான் ஆள் பிடிக்கிற வேலை ஆரம்பிச்சது. இலவச சினிமான்னு கூப்பிட்டு, கதவைப் பூட்டி லாரியில ஏத்தினதா பிழைச்சு வந்தவங்க சொல்லியிருக்காங்க.

1943 மே, ஜூன் மாதங்களில் மழையோடு காலராவும் வந்தது. கைதிகள் முகாமில் சொந்த ராணுவ டாக்டர்கள் இருந்தாங்க. மருந்து இல்லாட்டியும் தண்ணியைக் கொதிக்க வைக்கணும், கழிப்பறையைத் தள்ளி வெட்டணும்னு கட்டாயப்படுத்த ஒரு கட்டுப்பாடு இருந்தது. தொழிலாளர் முகாம்ல டாக்டரும் இல்லை, அதிகாரியும் இல்லை. குடும்பம் குடும்பமா செத்தாங்க.

மியூசியத்துல யார் இருக்காங்க?

காஞ்சனபுரியில ஜீத்னு ஒரு போர் மியூசியம் இருக்கு. ஒரு புத்த விகாரை வளாகத்துல 1977-ல ஆரம்பிச்சது. கைதிகள் தங்கின மூங்கில் கொட்டகை மாதிரியே கட்டியிருக்காங்க. அந்தப் பேர் நாடுகளோட ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்தது: ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும், தாய்லாந்து, ஹாலந்து. இந்தியாவுக்கோ மலாயாவுக்கோ பர்மாவுக்கோ ஜாவாவுக்கோ அதில் எழுத்து இல்லை. அதிகமாகச் செத்தவர்கள் அந்தப் பெயருக்குள்ளேயே வரவில்லை.

நகரத்துக்கு நடுவுல போர்க் கல்லறைத் தோட்டம். புல் வெட்டி, பூச்செடி வைத்து, ஏறக்குறைய 7,000 கல்லறைகள். பெரும்பாலானதுல பேர், வயசு, படைப்பிரிவு எல்லாம் இருக்கு. தமிழ்ப் பேர் ஒண்ணு கண்ணுல படுமான்னு வரிசை வரிசையா நடந்து பார்த்தேன். படலை.

ஏன் இப்படி?

நான் டேட்டாபேஸோட மல்லுக்கட்டுற வேலையில இருக்கிறவன். அதனால இதை அப்படித்தான் யோசிச்சேன். ராணுவத்துல ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் உண்டு. யார் எங்கே செத்தாங்கன்னு கைதிகளே ரகசியமா எழுதி, ஒளிச்சு வைச்சாங்க. போர் முடிஞ்சதும் 1945-ல ஒரு சின்னக் குழு பாதை முழுக்கப் போய்த் தேடுச்சு. 144 இடங்களில் 10,549 கல்லறைகளைக் கண்டுபிடித்தார்கள். கிடைக்காமல் போனது 52 மட்டும்.

தமிழ்த் தொழிலாளிக்கு நம்பர் இல்லை. எழுதி வைக்க அதிகாரி இல்லை. போர் முடிஞ்சதும் தேடிப் போக ஒரு படை இல்லை. போர்க் கல்லறை அமைப்பின் வேலை படைவீரர்களைப் பற்றியது. கூலிக்குப் போனவங்க அந்தக் கணக்குல வரமாட்டாங்க. 1990-ல காஞ்சனபுரியில ஒரு நிலத்தைத் தோண்டினப்போ நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைச்சது. ஆசியத் தொழிலாளர்கள்னு கருதினாங்க. ஒருத்தருக்கும் பேர் தெரியாது.

ஊர்ல இருந்தவங்க நிலைமை இன்னும் மோசம். ஜப்பான் பிடிச்ச இடத்துக்கும் இந்தியாவுக்கும் நடுவுல தபால் நின்னுபோச்சு. மலாயாவுல இருக்கிற புருஷன் தோட்டத்துல இருக்கானா, சயாம் போனானா, உயிரோட இருக்கானா, எதுவும் தெரியாது. திதி கொடுக்கவும் முடியாது, தாலியைக் கழட்டவும் முடியாது.

பாலத்துக்குப் பக்கத்துல 1944-ல ஜப்பான் ராணுவமே கட்டின ஒரு நினைவுத்தூண் இருக்கு. அதில் தமிழிலும் எழுதியிருக்காங்க. வேலை வாங்கிக் கொன்னவங்களுக்கு நம்ம மொழி ஞாபகம் இருந்திருக்கு. நம்ம பக்கத்துல இருந்து ஒரு நடுகல் அந்த ஊர்ல எழும்ப 2023 வரைக்கும் ஆச்சு.

நாம என்ன பண்ணலாம்?

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு கேள்வி கேளுங்க: “நம்ம குடும்பத்துல மலாயா போய்த் திரும்பாதவங்க யாராவது உண்டா?” தோட்டத்து வேலைக்கு ஆள் அனுப்புறதை இந்திய அரசு 1938-லேயே நிறுத்திடுச்சு. அதனால அதுக்கு முன்னாடி கப்பல் ஏறினவங்களைக் கேளுங்க. பேர், ஊர், தோட்டத்துப் பேர், கடைசிக் கடிதம் வந்த வருஷம். இந்த நாலும் கிடைச்சா எழுதி வைங்க, குரலைப் பதிவு பண்ணுங்க. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துல தமிழ்லயே பேசின வாய்மொழி வரலாறுகள் இருக்கு, ஆன்லைன்ல தேடலாம். படிக்கணும்னா மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தோட ‘சயாம் மரண ரயில்’ நாவல்ல ஆரம்பிங்க.

அந்தத் தலைமுறையைப் பார்த்தவங்களுக்கே இப்போ எண்பது, தொண்ணூறு வயசு. இந்த வாரமே போன் பண்ணுங்க. கிடைக்கிற பேரை எனக்கும் அனுப்புங்க, அடுத்த எபிசோடுல வாசிக்கிறேன்.